நெட்டை நோக்கி ஓடிய நாட்கள்

என் மூச்சு குறைந்துகொண்டு வருவதை முதலில் கண்டுபிடித்தவன் என் நண்பன்தான். டாக்டரே அதற்கு அப்புறம்தான் சொன்னார்.

அவன் காசிமேட்டுக்காரன். அப்பா, அண்ணன்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் கரையிலேயே தங்கி, ராயபுரத்தில் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை வைத்திருந்தான். நான் மணலிப் பக்கம் ஓர் ஆலையில் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். குடியிருப்பது ஊழியர் குவார்ட்டர்ஸில். அங்கே பழைய சிமெண்ட் டென்னிஸ் கோர்ட் ஒன்று இருக்கிறது. காலையில் பெருக்கிவிட்டு ஆடத் தொடங்கினால், ஒரு செட் முடிவதற்குள் பந்து சாம்பல் நிறமாகிவிடும். மஞ்சள் பந்தை நாங்கள் முதல் கேமில் மட்டும்தான் பார்ப்போம்.

குவார்ட்டர்ஸின் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைச் சரிசெய்ய யாரோ அவனைக் கூட்டிவந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. கை கழுவிக்கொண்டு நின்றவனிடம் விளையாட்டாகத்தான் மட்டையை நீட்டினோம். வாங்கி இடது கையில் பிடித்தான். சின்ன வயதில் ஒரு கிளப்பில் பந்து பொறுக்கியவனாம். பார்த்தே கற்றுக்கொண்டது. என்னை ஆறுக்கு ஒன்று என்று அடித்துவிட்டு, "உன் ஆட்டம் நல்லா கீது மாமு. அவசரமே படமாட்டேன்றியே" என்றான். அதற்குப் பிறகு ஒன்பது வருடங்கள், கடலில் புயல் கூண்டு ஏற்றிய நாட்களில்கூட, ஞாயிறு தவறாமல் பைக்கில் வந்துவிடுவான்.

நான் அவசரப்படாதவன் என்பது உண்மை. கோர்ட்டின் பின்கோட்டில் நின்றுகொண்டு, வருகிற பந்தையெல்லாம் திருப்பிக்கொண்டே இருப்பேன். பத்து அடி, இருபது அடி. எதிரில் இருப்பவன் சலித்துப்போய் ஒரு தப்பு செய்வான், பாயிண்ட் எனக்கு. அங்கே எனக்குச் 'சுவரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

ஒருநாள் அப்படி ஒரு நீண்ட பாயிண்டின் நடுவில், பந்து என் பக்கம் வந்துகொண்டிருக்கிறது, கால் நகர்கிறது, கை நகர்கிறது, உள்ளே மட்டும் காற்று போகவில்லை. யாரோ என் நெஞ்சின் மேல் அரிசி மூட்டையை வைத்துவிட்டது போல இருந்தது. பந்தை விட்டுவிட்டு, ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்துகொண்டேன்.

அவன் நெட்டைத் தாண்டி வந்தான்.

"இன்னா மாமு, மூச்சு வாங்குது?"

"ஒன்னுமில்ல. பனி."

"பனியா? அக்னி நட்சத்திரத்துல இன்னா பனி?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னான்: "உனக்கு ஆறு அடி, ஏழு அடி வரைக்கும் பிரச்சினை இல்ல. அதுக்கு மேல போனா மூஞ்சி மாறுது. டாக்டராண்ட போய்ட்டு வா."

போனேன். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் இன்னும் என்று எதுவும் இல்லை. டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, என் வயதுக்கு இருக்கவேண்டிய அளவில் நுரையீரல் வேலை செய்யவில்லை என்றார். எதனால் என்று கேட்டேன். "பல காரணம் இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டே சொன்னார். சரியாகுமா என்று கேட்டேன். "இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம்" என்றார். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

டென்னிஸை விட்டுவிடும்படி மனைவி சொன்னாள். "இத்தனை வருஷம் ஆடினது போதாதா? மூச்சு இருந்தாதானே எல்லாம்?" அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வாரத்தில் ஆறு நாள் நான் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். ஏழாவது நாளில் அந்த இரண்டு மணி நேரம்தான் நான் எதையாவது செய்கிற ஆளாக இருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வழி சொன்னவன் நண்பன்தான். கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

"நீ இன்னா பண்ற? பின்னால நின்னுகினு தள்ளிகினே கீற. அது மூச்சு கீறவன் ஆடுற ஆட்டம். நீ சர்வ் போட்டியா, நேரா நெட்டுக்கு ஓடிப்பூடு. பந்த தரைல வுழவே வுடாத. அந்தரத்துலயே தட்டி வுட்டுடு. மூணு அடில கதை முடிஞ்சிடணும். வந்தா பாயிண்ட், வராங்காட்டி போவட்டும்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான். அப்புறம் அதுவும் முடியாது."

சர்வ் போட்டதும் முன்னால் ஓடுவது. கேட்பதற்கு இவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆனது.

இருபது வருடமாகப் பின்னால் போகப் பழகிய கால்கள். சர்வ் போட்டு முடித்ததும் அவை தாமாகவே கோட்டுக்குப் பின்னால் திரும்பிவிடும். முதலில் பந்தைத் தூக்கிப் போடும் இடத்தை மாற்றவேண்டியிருந்தது. தலைக்கு மேலே போடாமல் ஒரு முழம் முன்னால் போட்டேன். அதை அடிக்கப் போனால் உடம்பு தானே கோர்ட்டுக்குள் சாய்ந்து விழும். விழாமல் இருக்க ஓடித்தான் ஆகவேண்டும். அப்படி என்னை நானே தள்ளிவிட்டுக்கொண்டேன். மூன்று எட்டு. பிறகு எதிரில் இருப்பவன் அடிக்கிற அந்தக் கணத்தில் நின்று, இரண்டு காலையும் அகட்டி ஊன்ற வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பந்து எந்தப் பக்கம் போனாலும் திரும்ப முடியாது. நான் ஓடிக்கொண்டே இருந்தேன். பந்துகள் என் இரண்டு பக்கமும் பறந்து போயின. ஒன்று நெஞ்சில் பட்டது. இன்னொன்று கழுத்தில். ஆலை லேப்பில் வேலை பார்க்கும் கெமிஸ்ட் ஒருவர் எங்களோடு ஆடுவார். "சுவரு நகர ஆரம்பிச்சா ஆபத்து சார்" என்று அவர் கிண்டல் செய்தார்.

பலமாகச் சர்வ் அடித்துவிட்டு ஓடினால் நெட்டை நெருங்குவதற்குள் பந்து திரும்பி வந்துவிடுகிறது. இது எனக்கே ஒருநாள் புரிந்தது. மெதுவாக, சுழற்றி, உயரமாகக் குதிக்கிற மாதிரிப் போட்டால் அது போய்ச் சேர நேரமாகும். அந்த நேரம் என்னுடையது. அதில் இன்னும் இரண்டு எட்டு முன்னால் போகலாம். அவனிடம் இதைச் சொன்னபோது மட்டையால் என் முதுகில் தட்டினான். "அடப்பாவி, நான் இத்த சொல்லணும்னு நெனச்சிகினு இருந்தேன். நீயே புட்ச்சிட்டியே!"

நெட்டுக்குப் பக்கத்தில் நின்று பந்தை அடிக்கக் கூடாது, தடுக்கத்தான் வேண்டும் என்பதும் பிடிபட்டது. கையை வீசினால் பந்து வேலிக்குப் போகும். மணிக்கட்டை இறுக்கி, மட்டையை முன்னால் நிறுத்தி, அப்படியே ஓரெட்டு வைத்தால் போதும். 'டப்' என்று ஒரு சத்தம். அது ஒருநாள் சரியாகப் பட்ட பிறகு, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் அடுத்த ஞாயிறு வரை காத்திருந்தேன்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. என் பாயிண்டுகள் மூன்று அடியில் முடிந்தன. மூச்சு தாங்கியது. இன்ஹேலரைப் பையின் அடியில், சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருப்பேன். தண்ணீர் குடிக்கும் சாக்கில் திரும்பி நின்று இழுத்துக்கொள்வேன்.

ஆனால் நெட்டுக்கு ஓடி வருகிறவனுக்கு எதிராக எல்லாருக்கும் தெரிந்த ஒரு மருந்து இருக்கிறது. பந்தை அவன் தலைக்கு மேலே உயரமாகத் தூக்கிப் பின்கோட்டில் போடுவது. முன்னால் வந்தவன் திரும்பிப் பின்னால் ஓடவேண்டும். என் நண்பனைப் போல அதைப் போடக்கூடியவன் எவனையும் நான் பார்த்ததில்லை. இடது கையை லேசாகத் திறந்து தூக்குவான். பந்து என் மட்டை எட்டும் உயரத்தை ஒரு விரல் அளவு தாண்டிப்போய், கோட்டுக்கு உள்ளே விழும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. மழை விட்டு மூன்றாம் நாள், காற்று அசையாமல் கனமாக இருந்தது. தொண்டையில் ஏதோ எரிச்சல். அவனோடு இரண்டாவது செட். ஒரே கேமில் மூன்று முறை தூக்கிப் போட்டான். முதல் இரண்டையும் ஓடிப் பிடித்துத் திருப்பினேன். மூன்றாவதற்குத் திரும்பி ஓடும்போது கோர்ட்டின் கோடுகள் மங்கின. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது அவன் முகம். என் தலை அவன் மடியில் இருந்தது. "மாமு, இங்க பாரு. என்ன பாரு. இஸ்த்துக்கோ, மூச்ச இஸ்த்துக்கோ" என்று கத்திக்கொண்டிருந்தான். பையை யாரோ கொட்டியிருந்தார்கள். சாக்ஸுக்குள் இருந்த இன்ஹேலரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதைச் சொல்ல என்னிடம் குரல் இல்லை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஐந்து நாள் இருந்தேன். அவன் பட்டறையை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான் என்று மனைவி பிறகு சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து, யார் பேச்சையும் கேட்காமல், திரும்பப் போனேன். ஒரு செட் மட்டும், அதுவும் நெட்டுக்கு ஓடும் ஆட்டம் மட்டும் என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் ஜெயிக்கத் தொடங்கினேன். கெமிஸ்டை ஜெயித்தேன். குவார்ட்டர்ஸில் புதிதாக வந்த இருபத்தைந்து வயது எஞ்சினியரை ஜெயித்தேன். நண்பனையே இரண்டு முறை. சர்வ், மூன்று எட்டு, ஊன்றி நில், டப். அவர்கள் அடித்த பந்தெல்லாம் என் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில், கை எட்டும் தூரத்தில் வந்தன. என் சர்வின் சுழற்சியில் அவர்கள் திணறுகிறார்கள் என்று நினைத்தேன். ஏன் யாரும் தூக்கிப் போடுவதில்லை என்று ஒருமுறை தோன்றாமல் இல்லை. அதற்கும் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: தூக்கிப் போடுவதற்கான நேரத்தை நான் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

கேண்டீனில் இரண்டு டீ டம்ளர்களையும் ஒரு ஸ்பூனையும் வைத்து, எங்கே சர்வ் போட்டால் பந்து எங்கே திரும்பும் என்று விளக்கியிருக்கிறேன். கெமிஸ்ட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காலேஜில் படிக்கும் என் மகளிடம், "நுரையீரல் போனா என்ன, மூளை இருக்கே" என்று சொன்னேன். அந்த ஏழு மாதம்தான் என் வாழ்க்கையில் நான் எதிலாவது கெட்டிக்காரன் என்று நம்பிய காலம்.

எம்.கே.பி. நகர் அலுவலகத்திலிருந்து எங்கள் ஆலையின் ஸ்டோர்ஸ் பிரிவுக்கு ஒருவர் மாற்றலாகி வந்தார். நன்றாக ஆடுவார் என்று சொல்லி, கெமிஸ்ட்தான் ஒரு ஞாயிறு கூட்டி வந்தார். என்னோடு ஆடவிட்டார்கள். என் முதல் சர்வுக்கே அவர் சாதாரணமாக, யோசிக்காமல், தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். நான் திரும்பக்கூட இல்லை. இரண்டாவது பாயிண்ட், அதே. மூன்றாவது, அதே. முதல் கேம் போய்விட்டது.

பக்கம் மாறும்போது தண்ணீர் குடிக்க மரத்தடிக்கு வந்தேன். பாட்டிலை எடுக்கக் குனிந்த என்னை வேலியோரம் அடுக்கியிருந்த இரும்பு நாற்காலிகள் மறைத்திருக்க வேண்டும். கெமிஸ்ட் புதியவரிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"சார், அவருக்கு மட்டும் தூக்கிப் போடாதீங்க. நாங்க யாரும் போடுறதில்ல. கைக்கு வர மாதிரி குடுங்க. ஒருதடவை ஆயிடுச்சு அவருக்கு."

"ஐயோ, எனக்குத் தெரியாதே சார்" என்றார் புதியவர், பதறிப்போய்.

நான் நிமிர்ந்தபோது என் நண்பன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மட்டையின் நரம்புகளை விரலால் நேராக்குவது போலக் குனிந்துகொண்டான்.

அந்தச் செட்டை ஆடி முடித்தேன். எப்படி முடித்தேன் என்று தெரியாது. புதியவர் ஒவ்வொரு பந்தையும் என் கைக்கே கொடுத்தார். ஆறுக்கு நான்கு என்று ஜெயித்தேன். கை குலுக்கி, "பிரமாதம் சார்" என்றார்.

பைக்கை எடுக்கப் போனவனை நிறுத்தினேன்.

"எத்தனை நாளா?"

"இன்னாத்த?"

"எத்தனை நாளாடா?"

சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "நீ ஆஸ்பத்திரிலேந்து வந்ததுலேந்து."

"யாரு சொன்னது இப்டி ஆடச் சொல்லி?"

"நான்தான்."

"நான் உன்கிட்ட கேட்டனா?"

"கேக்கல. ஆனா உன் தலைய புட்ச்சிகினு ஒக்காந்துனு இருந்தவன் நானு. உன் ஒதடு நீலமா பூட்ச்சி மாமு. அத்த நீ பாக்கல, நான் பாத்தேன். நான் தூக்கிப் போட்ட பந்துக்குத்தான் நீ வுழுந்த."

"அப்ப நான் ஜெயிச்சதெல்லாம்?"

பைக் சீட்டின் மேல் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தான்.

"அடுத்த ஞாயிறு என்னோட ஒரு செட் ஆடு. ஒழுங்கா ஆடு" என்றேன்.

"மாட்டேன்."

"அப்ப இங்க வராத."

ஒன்பது வருடப் பழக்கத்தில் அவனிடம் நான் சொன்ன மிக மோசமான வார்த்தை அதுதான். அவன் பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டான். வரமாட்டான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு வந்தான். முகம் கழுவாமல் வந்தவன் போல இருந்தான்.

முதல் கேம் என் சர்வ். சுழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தூக்கினான். திரும்பி ஓடினேன், எட்டவில்லை. இரண்டாவது சர்வ். மறுபடி தூக்கினான். ஓடி, மட்டையின் நுனியில் பட்டு, பந்து நெட்டில் விழுந்தது. நெஞ்சில் அந்த மூட்டை ஏறி உட்கார்ந்தது. மூன்றாவது முறை நான் நெட்டுக்கு வந்து, பந்து என் தலைக்கு மேலே போவதை நின்ற இடத்திலேயே கழுத்தை நிமிர்த்திப் பார்த்தேன். கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் தூரத்தில் விழுந்தது. அழகான பந்து. ஏழு மாதம் கையை அடக்கி வைத்திருந்தவன் போட்ட பந்து.

"போதுமா?" என்றான்.

"இன்னொன்னு."

நான்காவது சர்வையும் போட்டேன். ஓடினேன். அவன் தூக்கினான். நான் திரும்பினேன், இரண்டு எட்டு வைத்தேன், பிறகு சர்வீஸ் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை. உட்கார்ந்தேன். சட்டைப்பையில் இருந்த இன்ஹேலரை எல்லாரும் பார்க்கவே எடுத்து இழுத்தேன். சிமெண்ட் அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. அவன் எதிர்ப்பக்கத்திலேயே நின்றான். இந்த முறை ஓடி வரவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் அதற்குப் பிறகு ஆடப் போகவில்லை. விட்டுக்கொடுத்து ஆடினால் எனக்கு அது ஆட்டம் இல்லை. விட்டுக்கொடுக்காமல் ஆட என் உடம்பில் காற்று இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்க ஓர் இடமும் எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனிக் கதவைச் சாத்தி வைத்தேன். மனைவி ஆசைப்பட்டது நடந்துவிட்டது; ஆனாலும் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

நான்கைந்து மாதம் போயிருக்கும். ஸ்டோர்ஸ்காரரை ஆலை பஸ்ஸில் பார்த்தேன். கோர்ட் எப்படி இருக்கிறது என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"ஆளே இல்ல சார். உங்க தோஸ்து வரதில்லையே. நீங்க நின்னதுலேர்ந்தே வரல. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஆடிக்கொண்டிருப்பான், என் மேல் கோபத்தில்தான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தி வைத்ததால் கோர்ட்டில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ராயபுரம் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து பட்டறை வரை இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் நடக்க முடிந்தது. அவன் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப்போட்டு, டீசலில் கையை முக்கி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டான். மகளின் படிப்பைக் கேட்டான். அண்ணன் படகை விற்றுவிட்ட கதையைச் சொன்னான். ஒரு மணி நேரம் பேசினோம். டென்னிஸ் என்ற வார்த்தையை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது நான்தான் எடுத்தேன். "நான் சும்மா உக்காந்து பாக்குறேன். நீ வந்து ஆடேன்."

அவன் கழிவுத்துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"வேணாம் மாமு. அன்னிக்கு நீ சொன்னேன்னு ஆட்னேன் பாரு, அத்தோட எனக்கு கை வரல. பந்த தூக்கணும்னு நெனச்சாலே நீ ஒக்காந்துனு கீற மாதிரியே தெரியுது. உன் மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. ஆனா நீ என்ன ஆட வெச்சிருக்கக் கூடாது."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தான். இருமல் அடங்கியதும் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். கேட்க நினைத்ததைக் கேட்காமலேயே வீட்டுக்கு வந்தேன். இன்றுவரை கேட்கவில்லை.